உங்க நேட்டிவ் எது?

தமிழ்நாட்டில் இப்போது யாரும் யாரிடமும் நேரடியாகச் சாதி கேட்பதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டது. அதற்கென்று ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்திருக்கிறார்கள். "உங்க நேட்டிவ் எது?" தேனியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள். தனியார் பள்ளியில் வேலைக்கு இன்டர்வியூ போனாலும் கேட்பார்கள். உத்தமபாளையம் என்று சொன்னால், "உத்தமபாளையத்துல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். வீட்டுக்கு நேற்றுதான் யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். பள்ளியில் "நாங்களே கூப்பிடுறோம்" என்பார்கள்.

அதே சொல் கடல் தாண்டியும் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படித்து பி.எட். முடித்த தம்பி தங்கைகள் பலர் துபாய், தோகா, மஸ்கட், ரியாத் என்று ஆசிரியர் வேலை தேடுகிறார்கள். கண்ணில் படும் விளம்பரங்களை எங்களுக்கு அனுப்பி "இது நிஜமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். நல்ல சம்பளம் போட்ட விளம்பரங்களைப் பாருங்கள். முதல் வரியிலேயே இருக்கும்: நேட்டிவ் ஸ்பீக்கர்கள் மட்டும். கீழே ஒரு பட்டியல்: பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒன்று கையில் இருந்தால் ஆங்கிலம் உங்கள் சொந்த மொழி. இல்லாவிட்டால் ஷேக்ஸ்பியரை மனப்பாடமாகச் சொன்னாலும் நீங்கள் வெளியே.

வெள்ளைக்காரன் இங்கே ஆண்ட காலத்தில் 'நேட்டிவ்' என்றால் இழிசொல். கறுப்புத் தோல்காரன், கீழே நிற்க வேண்டியவன் என்று பொருள். இன்று அதே சொல் அவனுக்குப் பட்டமாகிவிட்டது. யாரை எப்போது நேட்டிவ் என்று அழைப்பது என்பதையும் அவனே முடிவு செய்கிறான். இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஊர் எது, சேரி எது என்று பெயர் வைத்தவர்கள் சேரியில் குடியிருந்தவர்களா என்ன?

அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இருப்பதைக் கவனியுங்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களில் நம் சனங்கள் நிறையப் பேர். அப்போது கப்பல் ஏறிய ஒரு பாட்டியின் கொள்ளுப்பேத்தி இன்று தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டோடு விண்ணப்பித்தால் அவர் நேட்டிவ். நல்லது, அவருக்கு அந்த வேலை கிடைக்கட்டும். அதே பாட்டியின் தங்கை கப்பல் ஏறாமல் இங்கேயே நடவு நட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அவருடைய கொள்ளுப்பேத்தி சின்னமனூரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு விண்ணப்பித்தால் நேட்டிவ் இல்லை. ஒரே ரத்தம், நாக்கும் ஒன்றுதான். அப்புறம் எதை அளக்கிறார்கள்? மொழியை இல்லை. மொழியை அளப்பதென்றால் அரை மணி நேரம் வகுப்பெடுக்கச் சொல்லிப் பார்த்துவிடலாமே. பரீட்சை வைத்து அறிய வேண்டியதைப் பிறப்பை வைத்து முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கு நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு.

இது எங்கள் ஆத்திரம் மட்டுமில்லை. 1992-லேயே ராபர்ட் பிலிப்சன் என்ற மொழியியலாளர், தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பது ஒரு மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டெசால், தாய்மொழிக்காரர் அல்லாத ஆசிரியர்களைப் பாகுபடுத்துவதை எதிர்த்து 2006-ல் அறிக்கையே வெளியிட்டது. இந்தச் சண்டையில் முன்வரிசையில் நின்றவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர் சுரேஷ் கனகராஜா. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அந்த அனுபவத்திலிருந்து 1999-ல் ஒரு நூல் எழுதினார். பின்னால் அதே டெசால் அமைப்பின் ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். இன்னொருவர் பா. குமாரவடிவேலு. சென்னையில் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரானவர். ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்று உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படும் நூல்களை எழுதியவர். ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் மஞ்சள் பூக்கள் தெரிகிறது, இந்த இருவரின் பெயர் தெரியவில்லை. பாடத்திட்டம் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, இந்தக் கதவு நம் முகத்துக்கு நேரே சாத்தப்படுகிறது. ஒரு வகையில் இது நேர்மையான கதவு. வெளியே எழுதிப்போட்டிருக்கிறது, படித்துவிட்டுத் திரும்பிவிடலாம். எழுதிப்போடாத கதவுகளைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அங்கே இந்திய ஆசிரியர்களைத்தான் எடுக்கிறார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் கொடுப்பதில் பாதிகூட இராது என்றாலும், இங்கே கிடைப்பதோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. இங்கே என்ன கிடைக்கிறது? 2022-ல் தமிழக அரசு பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு நிர்ணயித்த மாதச் சம்பளம் 10,000 ரூபாய். இடைநிலை ஆசிரியருக்கு 7,500. எதிர்ப்பு வந்த பிறகுதான் உயர்த்தினார்கள். சமூக நீதி பேசும் அரசே இப்படி என்றால் தேனி மாவட்டத் தனியார் பள்ளிகள் என்ன கொடுக்கும் என்று நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆகவே வளைகுடாவுக்குப் போக நினைப்பவரைப் பேராசைக்காரர் என்று எவனாவது சொன்னால் அவனிடம் அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்து ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த இந்தியப் பள்ளிகளில் நேட்டிவ் என்று கேட்க மாட்டார்கள். அங்கே கேட்பது வேறு: "பெயர்பெற்ற சி.பி.எஸ்.இ. பள்ளியில் மூன்றாண்டு அனுபவம்." அந்தப் பெயர்பெற்ற பள்ளியை இங்கே நடத்துவது யார்? அங்கே ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டா? முதல் பத்தியில் சொன்ன மூன்று கேள்விகளைத் தாண்டித்தானே அந்த வாசலுக்குள் போக வேண்டும்? உள்ளூரில் சாதி மறுத்த வேலை, வெளிநாட்டில் 'அனுபவம் போதாது' என்று மறுபடியும் மறுக்கப்படுகிறது. அங்கே இருப்பவருக்கு இவர் யார் என்றே தெரியாது. பயோடேட்டாவில் இருக்கும் வெற்றிடம் மட்டும்தான் தெரியும். அடுத்தது, "எம்.டி.ஐ. இருக்கக் கூடாது." பேச்சில் தாய்மொழிச் சாயல் கூடாதாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலத்தைக் காதால் கேட்ட பிள்ளைக்குத் தாய்மொழிச் சாயல் இல்லாமல் எந்தச் சாயல் இருக்கும்?

அப்புறம் சிபாரிசு. ஒரு பள்ளியில் இடம் காலியாகிறது என்ற செய்தி விளம்பரமாவதற்கு முன்பே அங்கே வேலை செய்பவரின் வாட்ஸ்அப்பில் ஓடிவிடும். யாருக்கு ஓடும்? சொந்தக்காரருக்கு, சொந்தச் சாதிக்காரருக்கு. உத்தமபாளையம், கம்பம் பகுதி இசுலாமியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை மாமன் மச்சான் மூலம் வளைகுடாவுக்கு ஏற்றிவிட்டதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஒதுக்கப்படும் ஒரு சமூகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பாலம் அது. 1956-ல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் எழுந்த கல்லூரியில் நம் பிள்ளைகளும்தான் படித்துப் பட்டம் வாங்கினார்கள். எங்கள் கேள்வி, நமக்கு அந்தப் பாலத்தைப் போடுவது யார் என்பது. நம் மாமன் மச்சான் எல்லாம் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இந்தப் பக்கம் இறங்குகிறது, நம் சனத்தின் உழைப்பு அந்தப் பக்கம் ஏறுகிறது. அந்த ஜீப்பில் துபாய்ப் பள்ளி முதல்வரின் நம்பர் யாரிடமும் இருக்காது.

பாலம் இல்லாத இடத்தில் பரிசல்காரன் வருவான். அவன்தான் ஏஜென்ட்.

எங்களிடம் வந்த ஒரு தங்கையின் கதை இது. பெயர் வேண்டாம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். அம்மா ஏலத்தோட்டக் கூலி. ஒரு ஏஜென்ட் 1,40,000 ரூபாய் கேட்டிருக்கிறார். குழுக் கடன், நகை அடகு, மீதிக்கு வட்டிப் பணம். வேலைக்கான விசா வரவில்லை. "இப்ப விசிட்ல போங்க மேடம், அங்க போனதும் ஸ்கூல்ல மாத்தி விட்டுருவாங்க." போனார். பள்ளி இல்லை. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாள் வேலை, அதற்கும் சம்பளம் "அடுத்த மாசம்". விசிட் விசா முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கடன் திரும்பவில்லை. ரசீது இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. "கேட்டா சங்கடப்படுவாங்கன்னு கேக்கல அண்ணே" என்றார்.

நம் பிள்ளைகளின் இந்தச் சங்கடத்தை மூலதனமாக வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ஆகவே சில விஷயங்களைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறோம்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாமல் எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. அதற்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்பவன் சலுகை செய்பவன் இல்லை, குற்றம் செய்பவன். பதிவு எண் உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021 தொழிலாளர் சட்டமோ, ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வாங்கவே கூடாது என்கிறது. விசிட் விசாவில் வந்தவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் திர்ஹாம் முதல் பத்து லட்சம் வரை அபராதம். "விசிட்ல போங்க மேடம்" என்பதன் பொருள் "சட்டத்துக்கு வெளியே போங்க மேடம்" என்பதுதான்.

இங்கேதான் இந்திய அரசின் விசித்திரம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்க்கும், காப்பீடு கட்டாயம். பத்தாவது தேறிவிட்டால் இது எதுவும் கிடையாது. படித்தவர், விவரம் தெரிந்தவர், தன்னைப் பார்த்துக்கொள்வார் என்று அரசு கையைக் கழுவிவிடுகிறது. மேல்தட்டு வீட்டுப் பட்டதாரிக்கு அது சரியாக இருக்கலாம், அவருக்கு அங்கே சித்தப்பா இருக்கிறார். வீட்டில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பட்டம்தான் பாதுகாப்பைப் பறிக்கிறது. அம்மா கைநாட்டு வைத்துப் போயிருந்தால் கிடைத்திருக்கும் காப்பு, மகள் எம்.ஏ. படித்ததால் கிடைக்கவில்லை!

படித்தவர்களை இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவரவே முடியாதா? செவிலியர்களுக்குக் கொண்டுவந்தார்களே. கேரளத்தில் செவிலியர் ஆளெடுப்பு மோசடிகள் அம்பலமான பிறகு, 2015-ல் செவிலியர்கள் எவ்வளவு படித்திருந்தாலும் அனுமதி கட்டாயம், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். செவிலியர்கள் கூட்டமாகச் சேர்ந்து சத்தம் போட்டார்கள். ஆசிரியர்கள் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கிறோம். 2019 ஜனவரி முதல் படித்தவர்களும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விருப்பப் பதிவு மட்டும் இருக்கிறது. அதையாவது செய்யுங்கள்.

சான்றிதழ் அத்தாட்சி இன்னொரு கொள்ளை. பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம். ஓமன், பஹ்ரைன், சவுதிக்கு அப்போஸ்டில் போதும், எமிரேட்ஸுக்கும் கத்தாருக்கும் தூதரக முத்திரை வேண்டும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் 50 ரூபாய். இடையில் இருப்பவர்கள் வாங்குவது எத்தனை ஆயிரம் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். குமுளி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு நோர்க்கா இருக்கிறது. 1996-லேயே கேரளம் இதற்குத் தனித் துறை தொடங்கிவிட்டது, சான்றிதழ் அத்தாட்சியை அந்த அமைப்பே செய்துகொடுக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று நிறுவனம் இல்லாமலில்லை. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. ஆனால் கூடலூரில் இருக்கும் பிள்ளைக்குச் சென்னை கிண்டி, துபாயைவிடத் தூரம்.

களத்தில் நிற்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. பள்ளி வேலைக்குக் காவல்துறைச் சான்றிதழ் கேட்பார்கள். அம்பேத்கர் சிலைக்கு மாலை போடப் போனதற்கும் கொடிக்கம்பம் நட்டதற்கும் நம் தெருப் பையன்கள் பெயரை எஃப்.ஐ.ஆரில் 'மற்றும் பலர்' என்பதற்கு முன்னால் வரிசையாக எழுதுவது இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. அந்த எஃப்.ஐ.ஆரின் உண்மையான தண்டனை நீதிமன்றத்தில் இல்லை, ஐந்து வருடம் கழித்துப் பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் ஏட்டய்யாவின் வாயில் இருக்கிறது. பயப்படாதீர்கள். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு சொல்வது, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்று. வெறும் எஃப்.ஐ.ஆர். நிலுவை வழக்கு ஆகாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. குற்றப்பத்திரிகை ஏற்கப்பட்டு வழக்கு நடந்தாலும், 1993 ஆகஸ்டு 25 அறிவிக்கையின்படி நீதிமன்ற அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் வாங்கலாம். வக்கீல் தோழர்களிடம் வாருங்கள். மறைத்து மட்டும் விண்ணப்பிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும்.

"படித்தவர்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்டால் இயக்கம் என்ன ஆவது?" என்று கேட்கும் மூத்த தோழர்கள் இருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். ஆங்கிலம்தான் அவருக்கு அங்கே சோறு போட்டது. திரும்பி வந்து சட்டமன்றத்துக்கும் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனார். போகிறவர் திரும்பி வருவாரா என்பது போகும்போது நாம் அவருக்கு என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. "திறமை இருந்தால் போதும், எங்கும் மதிப்பு" என்று அறிவுரை சொல்பவர்களுக்கும் ஒரு தகவல். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1918-ல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். பொதுத் தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் குடிக்கக் கூடாது என்றார்கள் சக பேராசிரியர்கள். அவர்கள் எல்லோரும் திறமைசாலிகள்தான்.

தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஆசிரியர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகப் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி கொடுக்கும் தாட்கோ, நம் பிள்ளைகளின் செல்டா படிப்புக்கும் சான்றிதழ் அத்தாட்சிக்கும் பணம் கட்ட வேண்டும். 120 மணி நேர செல்டா பயிற்சிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது, அதை ஏலத்தோட்டக் கூலியில் கட்ட முடியாது. அத்தாட்சிக்கு மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகம் வேண்டும். பதிவில்லாத ஏஜென்ட்கள் மீது போலீஸ் தானாகவே வழக்குப் போட வேண்டும்.

மனுவோடு இணைக்க ஆதாரம் வேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம், வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் ஆடியோ, விசா காப்பி, அடகுக்கடைச் சீட்டு, எது இருந்தாலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்று மனுவுக்கு, ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், டோக்கன் வரிசை நீளமாக இருக்கும்.